பானட்டில் எட்டுப் பட்டைகள்: தூத்துக்குடி வெயிலில் மூன்று பெயின்ட் சீலன்ட்கள்

எதுவும் பூசாமல் விட்டிருந்த பட்டையிலும் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, காலை ஏழு மணி. அதைப் பார்த்ததுமே மூன்று வாரங்களாகச் செய்தது அத்தனையும் வீண் என்று தெரிந்துவிட்டது.

பெயின்டை வெயிலிலிருந்தும் உப்பிலிருந்தும் காக்கப் பூசும் மேல்பூச்சுகளில் (சீலன்ட்) எது நீண்டு நிற்கிறது என்று பார்க்க, காரின் பானட்டை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒன்றில் கார்னௌபா மெழுகு, ஒன்றில் பாலிமர் சீலன்ட், ஒன்றில் செராமிக் ஸ்ப்ரே பூசியிருந்தேன். நான்காவது பட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விட்டது. வெறும் பெயின்டில் தண்ணீர் தட்டையாகப் படர வேண்டும். அது உருண்டு நின்றால் அதன்மேல் எதுவோ ஏறியிருக்கிறது என்று பொருள். வாராவாரம் கழுவப் பயன்படுத்திய ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கழுவும்போதே மெழுகும் ஏற்றும் வகை. ஒவ்வொரு ஞாயிறும் நான்கு பட்டைகளுக்கும் ஒரே மெழுகை நானே பூசிவந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, மூன்று பட்டைகளிலும் மிச்சத்தைத் துடைத்தெடுத்தது ஒரே துணியால். அந்தத் துணியாலேயே வெறும் பட்டையையும் துடைத்திருந்தேன்.

அங்கிருந்து மறுபடி தொடங்கியதுதான் இந்தப் பதிவு. பிப்ரவரி கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை 33 வாரங்கள்.

கார் ஏழு வயதான அடர்நீல ஹேட்ச்பேக். பகலில் நிழல் கிடையாது, இரவில் போர்டிகோவில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். எங்கள் பகுதியிலிருந்து மொட்டை மாடி ஏறினால் உப்பளங்கள் தெரியும். காலையில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தெருவில் இதே வயதுள்ள இரண்டு கார்களில் கூரையின் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு) பொரிந்து தோல் உரிவதுபோல் உரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பயத்தில்தான் இந்த வேலையே ஆரம்பித்தது. டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயின்டர் அண்ணாச்சியிடம் கேட்டபோது, கிளியர் கோட் போன பிறகு எதைப் பூசினாலும் பயனில்லை, இருக்கும்போதே காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எதைப் பூசுவது என்று கேட்டதற்கு, ஆளுக்கொன்று சொல்வார்கள், நீங்களே பூசிப் பாருங்கள் என்றார்.

முதலில் சுத்தம் செய்தேன். சீலன்ட் பூசும் வேலையில் முக்கால் பங்கு இதுதான். கழுவி முடித்த பானட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். இரும்புத்துகள் நீக்கியை அடித்ததும் ஐந்து நிமிடத்தில் ஊதா நிறச் சாறு வழிந்தது. பிரேக்கிலிருந்தும் சாலையிலிருந்தும் பறந்துவந்து பெயின்டில் குத்திக்கொண்ட இரும்புப் பொடி அது. பிறகு பெயின்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரில், 100 கிராமில் பாதியை எடுத்துத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரை நிறைய விட்டுக்கொண்டு, அழுத்தாமல் தேய்த்தேன். வெளிர்மஞ்சள் கட்டி பழுப்பாக மாறியது. ஒருமுறை கட்டி கீழே விழுந்துவிட்டது. தரையில் விழுந்த கிளேயை மறுபடி பெயின்டில் வைத்தால் மணலால் தேய்ப்பதற்குச் சமம். மனமில்லாமல்தான் எறிந்தேன், ஆனால் எறிய வேண்டியதுதான்.

அடுத்து பாலிஷ். அண்ணாச்சியின் பட்டறையில் இருந்த இரட்டை இயக்க பாலிஷ் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு 500 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினையும் எடுத்துப்போகச் சொன்னார். பழக்கமில்லாத கையில் அது விளிம்புகளில் பெயின்டைச் சுட்டுவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். பழைய கார் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை இரவல் தந்தார். பானட் முழுவதும் 104 முதல் 118 மைக்ரான் வரை காட்டியது. அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்த கணக்கு இது. பாலிஷ் முடிந்து அளந்தபோது இரண்டு மூன்று மைக்ரான் குறைந்ததாகக் காட்டியது. ஒரே இடத்தில் இருமுறை அளந்தாலே அந்தக் கருவி அவ்வளவு மாறும். ஆகவே அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பாலிஷ் எண்ணெய் மிச்சம் இருந்தால் சீலன்ட் பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, இரண்டு முறை, இரண்டு தனித்தனித் துணிகளால் துடைத்தேன்.

இந்தமுறை பட்டைகள் எட்டு. ஒவ்வொன்றும் 15 செ.மீ. அகலம். இடதிலிருந்து மெழுகு, பாலிமர், செராமிக், வெறும் பட்டை. அதையடுத்து வலப்பாதியில் செராமிக், மெழுகு, வெறும் பட்டை, பாலிமர். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பானட்டின் நடுப்பகுதி எஞ்சின் சூட்டில் வேகும், கார் நிற்கும் திசையைப் பொறுத்து ஒரு பக்கம் கூடுதலாக மாலை வெயில் படும். முதல் முயற்சியில் இதை யோசிக்கவே இல்லை. மாஸ்கிங் டேப்பும் பாடம் கற்றுக்கொடுத்தது. ஸ்டேஷனரிக் கடையில் 30 ரூபாய்க்கு வாங்கிய டேப் ஒரே வெயிலில் பசையைப் பெயின்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. இந்தமுறை பெயின்ட் கடையில் வாகனத்துக்கென்று விற்கும் டேப், 90 ரூபாய். ஒவ்வொரு பட்டைக்கும் தனி அப்ளிகேட்டர், தனித் துணி, துணியின் மூலையில் மார்க்கரால் எண்.

மெழுகைப் பூசுவது சுகமான வேலை. விரல்நுனியளவு எடுத்து மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடத்தில் மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தால் வந்துவிடும். பாலிமரும் அப்படித்தான், ஆனால் துடைத்தபின் 12 மணி நேரம் ஈரம் படக்கூடாது. மாசி மாதத்தில் எங்கள் ஊரில் விடியற்காலையில் காரின்மேல் உப்புப் பனி இறங்கும். பக்கத்து வீட்டார் அனுமதியுடன் அவர்கள் ஷெட்டில் இரண்டு இரவு காரை நிறுத்தினேன். இரண்டாம் நாள் பாலிமருக்கு இன்னொரு கோட்.

செராமிக் ஸ்ப்ரேயில்தான் தவறினேன். வெயில் ஏறிய பிறகு, பானட் கையில் சுடும் நேரத்தில், எட்டு முறை அழுத்திவிட்டேன். துடைப்பதற்குள் காய்ந்து, எண்ணெய் படிந்த சாலையில் மழை நீர் தேங்கினால் தெரியுமே, அதுபோல வானவில் தீற்றலாக நின்றுவிட்டது. மைக்ரோஃபைபர் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த இரண்டு பட்டைகளையும் மறுபடி பாலிஷ் போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, மறுநாள் காலை ஆறரை மணிக்குத் திரும்பப் பூசினேன். ஒரு பட்டைக்கு மூன்று அழுத்தம் போதும், அதுவும் பெயின்டில் நேரடியாக அல்ல, துணியில்.

அளப்பது எப்படி என்பதை நான்கு நாள் யோசித்தேன். தண்ணீர் நன்றாக உருள்கிறது, சுமாராக உருள்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதினால் அந்தந்த நாளின் மனநிலைதான் நோட்டில் ஏறும். மருந்துக் கடையில் 10 ரூபாய்க்கு இன்சுலின் சிரிஞ்சு வாங்கினேன். 40 யூனிட் சிரிஞ்சில் முழு அளவு 1 மி.லி., ஆகவே 2 கோடு என்பது 0.05 மி.லி. ஊசிமுனை பெயின்டைத் தொடாமல் அந்த அளவுக்கு ஒரு துளி விட்டு, அதன் விட்டத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் ஸ்கேலால் அளப்பது. தண்ணீரை விலக்கும் பரப்பில் துளி குவிந்து சிறிதாக நிற்கும், விலக்காத பரப்பில் படர்ந்து அகலமாகும். பட்டைக்கு ஐந்து துளி, சராசரி, அதுவும் பானட்டின் ஏறக்குறைய சமமாக இருக்கும் பகுதியில் மட்டும். முதல் நாள் கணக்கு: செராமிக் 5.2 மி.மீ., பாலிமர் 5.4, மெழுகும் 5.4, வெறும் பட்டை 7.2. இந்த 7.2தான் என் எல்லைக்கோடு. எந்தப் பட்டை அதைத் தொடுகிறதோ அதன் ஆயுள் முடிந்தது.

அழகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. டேப்பை உரித்த அன்று மாலை மனைவி, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன், பெயின்டர் அண்ணாச்சி மூவரையும் தனித்தனியாக அழைத்து, எந்தப் பட்டை எது என்று சொல்லாமல், எது அழகு என்று கேட்டேன். முதல் இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அண்ணாச்சி குனிந்து சாய்வாகப் பார்த்து, இரண்டு மெழுகுப் பட்டைகளையும் சரியாகத் தொட்டுக் காட்டினார். அதில் நீலம் ஈரமாக இருக்கிறது என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. செராமிக்கில் நீலம் சற்றுக் கண்ணாடித்தனமாக, பிரதிபலிப்பின் விளிம்பு கூர்மையாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்தபோது அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முக்கியமாக, வெறும் பட்டையையும் எவராலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மினுமினுப்பைத் தந்தது 500 ரூபாய் வாடகை மெஷின்தான். பாட்டில்களின் அட்டையில் கண்ணாடிபோல் மின்னும் கார்ப் படம் போட்டிருந்தாலும், அந்த மின்னலில் பெரும்பங்கு பாட்டிலுக்குள் இல்லை.

மூன்றாவது வாரம் பெரிய அதிர்ச்சி. முதல் நாள் 5.2 காட்டிய செராமிக் 7.5 காட்டியது, வெறும் பட்டையைவிட மோசம். விலை அதிகமான பொருள் மூன்றே வாரத்தில் செத்துவிட்டது என்று நோட்டில் எழுதியும்விட்டேன். பானட்டைச் சாய்வெயிலில் பார்த்தபோதுதான் செராமிக் பட்டைகள் முழுக்க வெள்ளை வளையங்கள் இருப்பது கண்ணில் பட்டது. மெழுகிலும் பாலிமரிலும் குறைவாக இருந்தன. வெறும் பட்டையில் வளையமே இல்லை, வெளிறிய ஒரு படலம் மட்டும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,650 காட்டியது. தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று ஆர்ஓ மெஷினின் கழிவுநீரை டிரம்மில் பிடித்துவைத்து, கடைசி அலசலுக்கு அதைத்தான் ஊற்றிவந்தேன். அது 2,900. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதையும் பானட்டில் ஊற்றிக் காயவிட்டிருக்கிறேன். தண்ணீரை நன்றாக விலக்கும் பரப்பில் ஒவ்வொரு துளியும் நின்ற இடத்திலேயே வற்றி, தன் உப்பை ஒரே வட்டத்தில் குவித்துவிட்டுப் போகிறது. அதாவது, எந்தப் பட்டை தன் வேலையை நன்றாகச் செய்ததோ, அதில்தான் கறை அதிகம். முத்துமுத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மகிழும் நாம் எல்லோரும் எங்கள் ஊர் போன்ற உப்புநீர் ஊர்களில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில், துணியை நனைத்துப் பட்டையின்மேல் அரை நிமிடம் போட்டுவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசினேன். எட்டுப் பட்டைக்கும் ஒரே மாதிரி, வெறும் பட்டை உட்பட. மறுபடி அளந்தால் செராமிக் 5.4. செத்துப்போனதாக எழுதிய வரியை அடித்தேன். சீலன்ட் அங்கேயேதான் இருந்தது, அதன்மேல் உப்புப் போர்வை. இரண்டு மாதத்தில் போய்விட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் 210 காட்டியது, ஆனால் அதைக் காருக்கு ஊற்ற மனம் வரவில்லை. விடை ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. ஏசியின் வடிகுழாயின் கீழே வாளி வைத்தால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவில் முக்கால் வாளி நிறையும். பேனாவை அதில் விட்டால் 18. நான்காவது வாரத்திலிருந்து கழுவுவதெல்லாம் ஆழ்துளைத் தண்ணீர், கடைசி அலசல் மட்டும் ஏசித் தண்ணீர் ஆறு லிட்டர், பூவாளியால். அதன்பின் துண்டை விரித்துப் போட்டு ஒற்றியெடுப்பது. வெள்ளை வளையம் அதோடு நின்றது.

மெழுகு ஏழாவது வாரம், சித்திரைப் பிறப்பை ஒட்டி, முடிந்துபோனது. நான்காவது வாரம் 6.1, ஏழாவது வாரம் 7.2. கார்னௌபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. சுத்தமான நிலையில் 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் விற்பது மற்ற மெழுகுகளும் எண்ணெய்களும் கலந்து குழைத்தது. ஏப்ரல் பிற்பகல் ஒன்றரை மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் என் அடர்நீல பானட் 71 டிகிரி. மதியம் காரை எடுத்துக்கொண்டு போய்வந்தால் மெழுகுப் பட்டைகளில் மட்டும் தூசி ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்த வாரங்களில் தெரிந்தது. வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சூடு ஏறாது, அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

மே மாதம் வேப்பமரத்துக் காகங்களும் சோதனையில் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் மதியம் வெறும் பட்டையிலும் பாலிமரிலும் செராமிக்கிலும் எச்சம். வேலைக்குப் போயிருந்ததால் மாலைதான் துடைக்க முடிந்தது. மூன்றிலும் தடம் விழுந்திருந்தது. சூட்டில் இளகிய கிளியர் கோட், காய்ந்து சுருங்கும் எச்சத்தோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. செராமிக்கில் தடம் சற்று மங்கல், அவ்வளவுதான். எச்சத்தை உடனே ஈரத்துணியால் ஊறவைத்து எடுப்பதற்கு மாற்று எந்த பாட்டிலிலும் இல்லை.

14ஆவது வாரம், ஜூன் தொடக்கம். பாலிமர் 6.4, செராமிக் 5.9. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று இறங்கியது. அந்த மாதங்களில் சாத்தான்குளம் பக்கம் போய்வந்தால் தேரிக்காட்டுச் செம்மண் காரின் எல்லா இடுக்கிலும் புகுந்திருக்கும். அப்போது மாமா ஒரு வாரம் எங்களோடு தங்க வந்திருந்தார். காலை ஐந்தரைக்கு எழுந்து, காரின்மேல் தூசியைப் பார்த்து மனம் பொறுக்காமல், தினமும் பழைய வேட்டித் துண்டால் துடைத்துவைத்திருக்கிறார், தண்ணீர் இல்லாமல். நம் பிள்ளையின் காரை நாம் பார்த்துக்கொள்ளாமல் யார் பார்ப்பது என்று அத்தையிடம் சொன்னாராம். என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சுவரோரம் நிற்கும் வலப்பாதியை அவர் கை எட்டவில்லை, இடப்பக்கம் நான்கு பட்டைகளைத்தான் துடைத்திருந்தார். அந்த ஞாயிறு அளந்தால் இடப்பக்கப் பாலிமர் 7.0, வலப்பக்கப் பாலிமர் 6.5. அதற்கு முந்தைய வாரம் இரண்டும் 6.4. ஒரே வாரத்து உலர்துடைப்பு, வெயில் இரண்டு மாதத்தில் செய்வதைச் செய்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள். இரட்டைப் பட்டை வைத்திருந்ததால்தான் சோதனை தப்பியது. அதற்குப் பிறகான கணக்கெல்லாம் வலப்பாதியை மட்டும் வைத்து எழுதியவை.

20ஆவது வாரம் பாலிமர் 7.0. வெறும் பட்டையும் வெயிலில் வதங்கி அதற்குள் 7.6 ஆகியிருந்ததால், பாலிமருக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் எல்லைக்கோடு 7.2 என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், நடுவில் அதை நகர்த்தவில்லை. 22ஆவது வாரம் பாலிமர் 7.2, செராமிக் 6.3. கடைசி வாரம் செராமிக் 6.8.

செலவைப் பார்க்கலாம். மெழுகு 200 கிராம் டப்பா 600 ரூபாய், முழுக் காருக்கு ஏறத்தாழ 15 கிராம், அதாவது 45 ரூபாய். பாலிமர் 473 மி.லி. 1,400 ரூபாய், ஒருமுறைக்கு 30 மி.லி., 89 ரூபாய். செராமிக் ஸ்ப்ரே 500 மி.லி. 1,100 ரூபாய், 40 மி.லி., 88 ரூபாய். என் பானட்டின் கணக்குப்படி மெழுகை வருடத்தில் ஏழெட்டு முறை பூச வேண்டும், பாலிமரை இரண்டு அல்லது மூன்று முறை, செராமிக்கை அதிகபட்சம் இரண்டு முறை. பணத்தில் பெரிய வித்தியாசமில்லை. மெழுகுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், அதுதான் வித்தியாசம். சுத்தம் செய்யும் பொருட்கள், டேப், துணிகள், பேனா, மெஷின் வாடகை எல்லாம் சேர்ந்து 2,900 ரூபாய் ஆயிற்று. மூன்று பாட்டில்களின் விலைக்கு அது கிட்டத்தட்ட சமம்.

அடுத்த முறை செய்தால் மூன்றை மாற்றுவேன். கழுவுவதற்கு முன் ஒரு அளவு, கழுவிய பின் ஒரு அளவு என்று இரண்டு எடுப்பேன், அழுக்கின் கணக்கும் தேய்மானத்தின் கணக்கும் அப்போதுதான் பிரியும். பானட்டோடு நிறுத்தாமல், எஞ்சின் சூடு படாத கூரையிலும் இதே எட்டுப் பட்டைகள் போடுவேன். மேலும், துளியை அளப்பவரும் பட்டை எது என்று அறிந்தவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டு மாணவன் அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஆயுத பூஜையன்று மனைவி பானட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நாலாவது வெறும் பட்டையிலும் ஐந்தாவது செராமிக்கிலுமாக அது சரிபாதி விழுந்திருந்தது. ஞாயிறு கழுவியபோது செராமிக் பக்கம் தண்ணீரோடு போயிற்று. வெறும் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் நின்றது, கிளே போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று மதியமே வடகிழக்கிலிருந்து மேகம் கட்டியதால் எட்டுப் பட்டைகளையும் ஆல்கஹாலால் துடைத்து, பானட் முழுவதும் பாலிமர் இரண்டு கோட் பூசி, பக்கத்து வீட்டு ஷெட்டில் காரை ஏற்றிவிட்டேன். செராமிக்தான் நீண்டு நின்றது என்றாலும் பாலிமரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மழைக்காலத்தில் ஏசி ஓடாது, ஏசித் தண்ணீர் இருக்காது; அது இல்லாமல் அலசினால் உப்பு வளையம் அதிகம் விழுவது செராமிக்கில்தான்.